ஒரு ஆள் குறைகிறது

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. ஊர் சுற்றிவிட்டு நேற்று மதியம் வீடு வந்து சேர்ந்தேன். உடம்புக்கு ஒன்றுமில்லை, கால்தான் கொஞ்சம் வீங்கியிருக்கிறது. போனில் நீ எதைக் கேட்டாலும் ‘நல்லா இருந்துச்சுடா’ என்று ஒரே பதிலைச் சொன்னேன். உனக்கு எரிச்சல் வந்திருக்கும். வாயால் சொல்ல வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

உன் மாமா போய் மூன்று மாதம்தான் ஆகிறது, இரண்டு பேருக்கு எடுத்த டிக்கெட்டில் ஒருத்தி மட்டும் போவதா என்று தயங்கினேன். ‘போயிட்டு வாக்கா, மனசு மாறும்’ என்று நீதான் ஒற்றைக்காலில் நின்றாய். மாறவில்லை. மரத்துப்போன கால் மாதிரி இருக்கிறது. கிள்ளினால் யாருடைய காலோ என்று தோன்றுகிறது.

இருந்தாலும் அனுப்பி வைத்தவன் நீ, பார்த்ததைச் சொல்லிவிடுகிறேன். முதல் நாள் காலை கோட்டை. அதைக் கடைசியில் எழுதுகிறேன். மதியம் அரண்மனை. கூரை முழுக்கச் சின்னச் சின்னக் கண்ணாடி பதித்த ஓர் அறை இருக்கிறது. ஒரு விளக்கைக் காட்டினால் ஆயிரமாகத் தெரிகிறது. எல்லோரும் அண்ணாந்து வாயைப் பிளந்தார்கள். நானும் அண்ணாந்தேன், கழுத்து வலித்தது. மறுநாள் ஊருக்கு வெளியே ராஜாக்களின் கல்லறைத் தோட்டமும் ஒரு பழைய ஏரியும். ஒரு ராஜா தன் குதிரைக்கும் பக்கத்திலேயே இடம் கொடுத்திருக்கிறார். ஏரியில் படகு விட்டார்கள், நான் ஏறவில்லை. சாப்பாடு எப்படி என்று கேட்காதே, கவனிக்கவில்லை.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்ல வேண்டும். வெளிநாடு கிளம்பிய அன்று, ‘கண்டக்டர்கிட்ட எனக்கென்ன பேச்சு’ என்று வாசலில் நின்று சொன்னாயே, அதற்குப் பிறகு ஆறு வருஷம் மாமா உன் பேச்சையே எடுக்கவில்லை. அவர் ஓய்வு பெற்றபோது நீ அனுப்பிய டிக்கெட்டும் சட்டையும் இரண்டு நாள் மேசை மேலேயே கிடந்தன. மூன்றாம் நாள் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பயண அட்டவணையோடு உட்கார்ந்துவிட்டார். முப்பத்தோரு வருஷம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்தவர் சும்மா படிப்பாரா? பென்சிலால் நேரத்தையெல்லாம் திருத்தினார். கோட்டைக்கு ஒரு மணி நேரம் போதாதாம். எவனாவது ஒருத்தன் கட்டாயம் தாமதமாக வந்து பஸ்ஸைக் காக்க வைப்பானாம்.

சட்டையைப் போட்டுப் பார்க்கச் சொன்னேன். ‘பயணத்துக்குன்னு அனுப்பியிருக்கான், அன்னைக்குத்தான் போடுவேன்’ என்று பீரோவில் வைத்துவிட்டார்.

இனி கோட்டை. காலையில் பஸ் ஏறும்போது கைடு பெண் பட்டியலைப் பார்த்து ரெண்டு பேர்தானே என்று கேட்டாள். தலையாட்டினேன். பீரங்கி, கிணறு, காவல் கோபுரம் எல்லாம் பார்த்துவிட்டு எல்லோரும் பஸ்ஸுக்குத் திரும்பினோம். அவள் தலை எண்ணினாள். பட்டியலில் முப்பத்து நாலு, பஸ்ஸில் முப்பத்து மூன்று. என் பக்கத்து இருக்கையில் கைப்பை மட்டும் இருந்தது. சார் எங்கேம்மா என்றாள்.

‘வருவார்’ என்றேன்.

பொய் சொல்ல நினைக்கவில்லையடா. காஸ் கொண்டுவருபவர், வீட்டு ஓனர், மாடி வீட்டு டீச்சர், யார் கதவைத் தட்டி அவரைக் கேட்டாலும் இத்தனை வருஷமாக நான் சொன்ன பதில் அதுதான். டியூட்டிக்குப் போயிருக்கார், வருவார். வாய் தன்பாட்டுக்குச் சொல்லிவிட்டது.

பஸ் நின்றது. பத்து நிமிஷம், இருபது நிமிஷம். டிரைவர் ஹாரன் அடித்துப் பார்த்தார். எல்லா டூரிலும் இப்படி ஒரு ஆள் வந்து வாய்க்கிறான் என்று பின்னால் யாரோ முணுமுணுத்தார். அந்தப் பெண் வெயிலில் திரும்பவும் படியேறித் தேடப் போனாள். தடுக்க எனக்குத் தோன்றவில்லை. எல்லோரையும் போல நானும் கோட்டை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொல்கிறேன், வருவார் என்றே இருந்தேன்.

வேர்க்க விறுவிறுக்க வந்தவள், மைக்கில் அறிவிக்கச் சொல்கிறேன், என்ன சட்டை போட்டிருக்கிறார் என்று கேட்டாள். நீலக் கட்டம் போட்டது, புதுசு என்றேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. நீ அனுப்பிய அந்தச் சட்டையை பீரோவிலிருந்து எடுத்துக் கொடுத்ததே நான்தான். அதைப் போட்டுத்தான் அவரை அனுப்பி வைத்தோம். இதை உன்னிடம் இத்தனை நாள் சொல்லவில்லை. முகம் பார்க்கக்கூட வரவில்லையே என்று உன்மேல் கோபம்.

எழுந்து நின்றேன். ‘அவர் இல்லம்மா. செத்துப்போய் மூணு மாசமாச்சு. வண்டியை எடுக்கச் சொல்லு.’

அந்த வார்த்தையை நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. முணுமுணுத்தவர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் பட்டியலில் ஒரு கோடு போட்டாள். வண்டி கிளம்பியது. எனக்கு அழுகை வரவில்லை, இதுவரைக்கும் வரவில்லை.

நேற்று பையோடு படியேறும்போது மாடி வீட்டு டீச்சர், உங்க தம்பி எப்போ வர்றார் என்று கேட்டார். பழைய பதில் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டேன். இன்னொரு முறை அப்படிச் சொல்லி, வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார என்னால் முடியாது.

லீவு கிடைக்கும் தேதியை எழுது. நீ எழுதிய பிறகு டீச்சரிடம் சொல்கிறேன், வருவான் என்று.

வேளைக்குச் சாப்பிடு. எங்கிருந்தாலும் நன்றாக இரு.

உன் அக்கா