மறுத்துப் பேசாத அப்பா

கோச்சடை,
நவம்பர் 9

அன்புள்ள பெர்சிக்கு,

உனக்கும் நீ ஆராய்ச்சி செய்கிற அந்தக் குளிர் ஊருக்கும் கர்த்தர் துணையாக இருக்கட்டும். போனில் பேசினால் அப்பா பக்கத்திலேயே வந்து உட்கார்ந்துகொள்கிறார். அதனால் எழுதுகிறேன்.

தலையில் கட்டியை எடுத்த இடம் நன்றாக ஆறிவிட்டது. முடியும் வளர்கிறது. காலையில் வைகைக் கரை வரை தனியாகவே நடந்துவிட்டு வருகிறார்.

போன வாரம் அவர் உன்னைப் போனில் கூப்பிட்டு, "நீ எழுதுனது சரிதாம்மா" என்று சொன்னபோது நீ அழுதது எனக்கும் கேட்டது. மனம் என்பது மூளையின் வேலைதான், ஆத்துமா என்று தனியாக ஒன்று தேவையில்லை என்று ஆய்வேட்டில் நீ எழுதியதற்காக மூன்று வருஷம் உன்னோடு பேசாதவர். "எம் பொண்ணே என்னைய வெறும் மாமிசம்னு எழுதிட்டா" என்று சாப்பிடாமல் கிடந்தவர். ஆனாலும் உன் ஆய்வேட்டை மூன்று முறை படித்தார், தெரியுமா? ஓரமெல்லாம் பென்சிலால் உனக்குப் பதில் எழுதி வைத்திருக்கிறார்.

உன் சந்தோஷத்தைக் கெடுக்க எனக்கு மனசில்லை. மறைக்கவும் முடியவில்லை. செவ்வாய்க்கிழமை போதகர் வந்து, ஆத்துமா அழியாதது என்று பேசினார். அப்பா சிரித்துக்கொண்டே, "ஆமாங்கய்யா, அதுல என்ன சந்தேகம்" என்றார். சாயங்காலம் எதிர்வீட்டு மலையாண்டி வந்தார். ஆத்துமாவும் கிடையாது ஒண்ணும் கிடையாது என்று வழக்கம்போல வம்புக்கு இழுத்தார். முன்பெல்லாம் தெருவே கேட்கிற மாதிரி சண்டை நடக்குமே! அப்பா, "ஆமாண்ணே, நீங்க சொல்றதுதான் சரி" என்றார். அதே சிரிப்பு. மலையாண்டி காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார். அதற்கப்புறம் வரவே இல்லை.

கட்டி இருந்த இடம் அப்படி, குணம் மாறலாம் என்கிறார் டாக்டர். ஜெபத்தின் பலன் என்கிறார் போதகர். சபையில் பெண்களெல்லாம், "குடுத்து வச்சவுக டீச்சர் நீங்க, சார் எம்புட்டு சாந்தமாயிட்டாரு" என்கிறார்கள். முப்பத்தொரு வருஷம் அந்தக் கோபத்துக்குப் பயந்தவள் நான். அது குறைய வேண்டுமென்று முழங்காலில் நின்று ஜெபித்தவளும் நான்தான். இப்போது யாரிடம் போய், பழைய மனுஷன் எனக்கு வேண்டும் என்று கேட்பது?

நேற்று வேண்டுமென்றே, உன் ஆய்வேட்டை எடைக்குப் போடட்டுமா என்று கேட்டேன். "போட்டுரு, எடத்த அடைச்சுக்கிட்டுத்தானே கெடக்கு" என்றார். நான் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். கொஞ்ச நேரத்தில் கதவுக்கு வெளியே வந்து நின்று, "நான் ஏதும் தப்பாச் சொல்லிட்டனா?" என்று கேட்டார். இத்தனை வருஷத்தில் அவர் கேட்டறியாத கேள்வி. கதவைத் திறந்து கையைப் பிடித்துக்கொண்டேன். வேறென்ன செய்வது?

நீ சொல்கிறபடி, மூளை மாறினால் ஆளும் மாறிவிடுகிறார். அப்படியென்றால் உன்னை மன்னித்தது யார், பாப்பா? நான் நம்புகிறபடி உள்ளே அதே ஆத்துமாதான் இருக்கிறது. அப்படியென்றால் அது ஏன் என்னோடு ஒரு வார்த்தை சண்டைக்கு வரமாட்டேன் என்கிறது?

கிறிஸ்துமஸுக்கு லீவு போட்டு வா. அப்பா வாசலிலேயே உன்னைக் கட்டிக்கொள்வார். யார் கட்டிக்கொள்கிறார் என்று ஆராயாமல் வாங்கிக்கொள். அப்புறம் பத்து நாளும் என்னோடு எதற்காவது சண்டை போடு.

கர்த்தர் உன் உடம்பையும் புத்தியையும் காக்கட்டும். உன் பிடிவாதத்தை ஒரு துளி குறையாமல் காக்கட்டும்.

அம்மா