ஆசான் குடித்துவிட்ட தேநீர்

காங்சோ,
இலந்தை உலுக்கும் காலம்

அன்பு மகள் யான்ஷுவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் நலம், உன் அப்பாவும் நலம், அவர் நெற்றியில் இருந்த வீக்கம் மட்டும் இப்போதுதான் வடிந்துகொண்டு வருகிறது. நீயும் அந்தக் குளிர் ஊரில் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, கழுத்தை மூடிக்கொண்டு, சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். போனில் பேசினால் உன் அப்பா பாதியில் பிடுங்கி அவர் கதையைச் சொல்லிவிடுவார், இந்த விஷயத்தில் அவர் சொல்லும் கதை வேறு, நடந்தது வேறு. அதனால் இலந்தைப் பழப் பொட்டலத்துக்குள் இதையும் வைத்துத் தைத்து அனுப்புகிறேன். பழத்தை ஒரே நாளில் தின்று தீர்க்காதே, வயிற்றைப் பிடித்துக்கொள்ளும்.

ஹாம்பர்க் துறைமுக ஆபீசில் நீ காங்சோக்காரி என்று தெரிந்ததும் எல்லோரும் ஒரு குத்து விட்டுக் காட்டச் சொல்கிறார்களாம், எனக்கு ஒன்றும் வராது என்று நீ சொன்னால் அடக்கம் என்று நினைத்துக் கும்பிடுகிறார்களாம். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. தடுக்கி விழுந்தால் ஒரு குங்ஃபூ பள்ளி இருக்கிற ஊரில் பிறந்துவிட்டு, சின்ன வயதில் பயிற்சிக்குக் கிளம்பு என்றால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்தவள் நீ. சரி, இப்போதாவது ஆசை வந்ததே. அங்கே இரண்டு பள்ளி பார்த்து வைத்திருக்கிறாய், எதில் சேரலாம் என்று கேட்டிருக்கிறாய். நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் எனக்கென்று பள்ளி தேடி அலைந்தது உனக்கு முழுதாகத் தெரியாது. முதலில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் பெரிய போர்டு வைத்த பள்ளிக்குப் போனேன். போர்டில் அந்த ஆசான் காற்றில் பறந்துகொண்டிருந்தார், நேரில் பார்த்தால் மாடிப்படி ஏறவே மூச்சு வாங்கினார். என் பெயரைக் கேட்பதற்கு முன்னால் என் இடுப்பளவைக் கேட்டார், சீருடை விற்கத்தான். அடுத்தது ஏரிக்கரைப் பள்ளி. அங்கே ஆசான் தொடாமலே ஆளைத் தள்ளுகிறவர். கையை இப்படி வீசினால் மாணவர்கள் எல்லோரும் அப்படியே போய் விழுகிறார்கள், பார்க்கவே பாவமாக இருந்தது. என்னைப் பார்த்தும் வீசினார். நான் முப்பது வருஷம் ஓடுகிற பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் நின்று டிக்கெட் கொடுத்தவள், நின்ற இடத்திலேயே நின்றேன். மறுபடி வீசினார். அப்புறம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, "உங்க உடம்புல சக்தி ஓட்டமே இல்லம்மா, அதான் எறங்க மாட்டேங்குது" என்றார். காலையில் இரண்டு கழுதைக்கறி ரொட்டி சாப்பிட்டேன், அது இறங்கிவிட்டதே என்று சொல்லிவிட்டு வந்தேன்.

கடைசியில்தான் இலந்தைத் தோப்புக்குப் பின்னால் தோங் ஆசானிடம் போனேன். போர்டும் இல்லை, பறக்கிற படமும் இல்லை. என் செருப்பைப் பார்த்து, "இத மாட்டிக்கிட்டு முட்டிய ஒடச்சுக்கப் போறியா, போய்த் துணிச்செருப்பு போட்டுட்டு நாளைக்கு வா" என்று திருப்பி அனுப்பிவிட்டார். அவரிடம் பல வருஷம் பழகியவர்களைக் கவனித்தேன். நன்றாக நடந்தார்கள், உட்கார்ந்து எழுந்தார்கள், புதிதாக வந்தவர்களைக் கேலி செய்யவில்லை. அப்போதே இதுதான் என்று முடிவு செய்துவிட்டேன். முதல் ஆறு மாதம் குதிரை நிலை மட்டும்தான், காலை அகட்டி, தொடையைப் பலகை போல வைத்துக்கொண்டு நிற்க வேண்டும். நான் அடுத்தது என்ன என்று ஒரு நாளும் கேட்கவில்லை. மூன்று வருஷம் இப்படியே போனது. இந்த வசந்த காலத்தில் ஆசான் எல்லோர் முன்னாலும், தனக்கு வயதாகிவிட்டது, இன்னும் ஒரே ஒரு சீடரை எடுத்துக்கொண்டு வாசலை அடைத்துவிடுகிறேன் என்று சொல்லி, என்னைக் கைகாட்டினார். நீ வெளிநாடு போய் மறந்திருப்பாய், மாணவர் வேறு, சீடர் வேறு. காசு கட்டினால் மாணவர். ஆசானின் மறைந்த குருவின் படத்துக்கு முன் மண்டியிட்டு, தலை தரையில் பட மூன்று முறை வணங்கி, இரண்டு கையாலும் தேநீர் கொடுத்து, அதை ஆசான் வாங்கிக் குடித்தால்தான் சீடர். கடைசியாக வருகிறவர் வாசலை அடைக்கும் சீடர், அவருக்குப் பிறகு யாரும் கிடையாது. இளைஞர்கள் பத்துப் பேர் காத்திருக்க, டிக்கெட் கிழித்த எனக்கு அந்த இடம். அன்றைக்கு வீட்டுக்கு வந்து நான் பாட்டு முணுமுணுத்ததாக உன் அப்பா போனில் உன்னிடம் புகார் சொன்னாரே, காரணம் இதுதான்.

இப்போது நடந்ததைக் கேள். சடங்கு நாளில் உன் அப்பாவுக்கு ஒரே வேலைதான் கொடுத்தோம். தேநீர்க் கோப்பையைக் கொண்டுபோய் ஆசானின் நாற்காலிக்குப் பக்கத்து மேசையில் வைத்துவிட்டு நகர வேண்டும். நான் புதுத் துணிச்செருப்பு போட்டுக்கொண்டு வாசலுக்கு வெளியே நிற்க வேண்டும், என் பெயரைக் கூப்பிட்டதும் உள்ளே வர வேண்டும். கூப்பிடுகிறவர் மூத்த சீடர் வெய். அவருக்கு இரண்டு கண்ணிலும் புரை, ஆபரேஷனுக்குப் பயந்து தள்ளிப்போட்டுக்கொண்டே வருகிறார். ஆசானோ விரதமென்று காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் கூடக் குடிக்கவில்லை, ஊதுபத்திப் புகையில் கண்ணெல்லாம் நீர். இந்த நேரத்தில் உன் அப்பா கையிலிருந்த கோப்பையின் மூடி நழுவி உருண்டு ஆசானின் நாற்காலிக்கு அடியில் போய்விட்டது. மனிதர் என்ன செய்ய வேண்டும், கோப்பையை வைத்துவிட்டு வர வேண்டியதுதானே. செய்யவில்லை. அவர் முட்டிதான் உனக்குத் தெரியுமே, வெறும் தரையில் வலிக்கும் என்று எனக்காகப் போட்டிருந்த மெத்தையில் பாந்தமாக மண்டியிட்டு, ஒரு கையில் கோப்பையோடு நாற்காலிக்கு அடியில் தலையை விட்டார். நாற்காலிக் காலில் ஒரு இடி. எதில் இடித்தோம் என்று திரும்பியதில் இன்னொரு இடி. வெளியே இழுத்ததில் மூன்றாவது. வெய்க்கு யாரோ மெத்தையில் குனிந்திருப்பது மட்டும்தான் தெரிந்தது, சத்தம் நன்றாகக் கேட்டது. "ஒண்ணு, ரெண்டு, மூணு, வணக்கம் முடிஞ்சுது, தேநீர் குடுக்கலாம்" என்று கத்திவிட்டார். தலை சுற்றி நிமிர்ந்த உன் அப்பா, மரியாதை தெரிந்தவர் பார், மண்டியிட்டபடியே கோப்பையை இரண்டு கையாலும் நீட்டி, "மூடி கெடைக்கலங்க, அப்படியே குடிச்சிருங்க" என்றாராம். ஆசான் தாகத்தில் ஒரே மூச்சில் குடித்துவிட்டார். "சீடர் வந்தாச்சு, வாசல் அடைச்சாச்சு" என்று வெய் குரல் கொடுத்ததும் இரண்டு பேர் ஓடிவந்து கதவைச் சாத்தினார்கள், என் மூக்குக்கு நேராக. ஒரு காலைத் தூக்கி நிலைப்படியில் வைக்கப் போனவள் நான். பின்னால் பட்டாசு வேறு கொளுத்திவிட்டார்கள்.

உள்ளே ஆசான் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்து, "யாருய்யா நீ" என்று கேட்க, "யாஃபெங்கோட வீட்டுக்காரருங்க" என்று இவர் சொன்னாராம். அப்புறம் அத்தனை பேரும் சிரித்த சிரிப்பு கதவுக்கு வெளியே எனக்குக் கேட்டது. என்னை உள்ளே விட்டதும் நான் கேட்டேன், மறுபடி செய்யலாமே என்று. ஆசான் தலையில் கை வைத்துக்கொண்டு, "குரு படத்துக்கு முன்னால நடந்துபோச்சும்மா, குடிச்ச தேநீர எப்படித் துப்புறது, வாசல் அடைச்சா அடைச்சதுதான்" என்றார். ஊரில் எல்லோருக்கும் இது வேடிக்கை. எனக்கு வேடிக்கையாக இல்லை யான்ஷு. நான் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். வாழ்க்கையில் எனக்கென்று கேட்டு வாங்கியது அது ஒன்றுதான், அதிலும் ஒற்றைக் காலில் நின்று காலுறை போடத் தெரியாத மனிதர் போய் உட்கார்ந்துகொண்டார்.

பத்து நாள் அவரோடு பேசவில்லை. வெறும் ஆவிரொட்டியை வைத்துவிட்டுப் போய்விடுவேன், தொட்டுக்கொள்ள ஒன்றும் கிடையாது. முதல் இரண்டு நாள் அவருக்குக் கொஞ்சம் மிதப்புதான், கண்ணாடி முன்னால் கையை ஓங்கிப் பார்த்ததை நானே பார்த்தேன். என் கண் வீங்கியிருப்பதைப் பார்த்ததும்தான் உறைத்தது. தன்னைப் பள்ளியிலிருந்து விலக்கிவிட்டால் இடம் காலியாகும் என்று கணக்குப் போட்டு, விலக்குகிற மாதிரி என்னென்ன செய்யலாம் என்று கிளம்பினார். தெருச்சண்டை போட்டால் விலக்குவார்கள் என்று சந்தையில் முள்ளங்கிக்காரனிடம் வம்புக்குப் போனார். அவனோ, "அய்யோ, தோங் ஆசானோட கடைசிச் சீடர்ல நீங்க, தெரியாமப் பேசிட்டேன் அண்ணே" என்று கையைப் பிடித்துக்கொண்டு ஒரு கட்டு முள்ளங்கி கொடுத்து அனுப்பினான். இதைக் கேட்ட ஆசான், கையை ஓங்காமலே ஜெயித்தவன் என்று மாணவர்களிடம் பாராட்டிப் பேசினார். பயிற்சிக்குப் போகாமல் இருந்து பார்த்தார், உடம்புக்கு என்னவோ என்று ஆட்டு சூப்போடு நாலு பேர் வந்துவிட்டார்கள். கடைசியில் சாராயம் குடித்துவிட்டுப் போனார். பயிற்சிக் கூடத்தில் தள்ளாடி, கம்பு அடுக்கில் மோதி, சரிந்து, எப்படியோ விழாமல் எழுந்து நின்றாராம். குங்ஃபூவின் குடிபோதைப் பாணி என்று நினைத்து ஒருவன் அதைப் போனில் படம் பிடித்துப் போட்டுவிட்டான். அதைப் பார்த்துவிட்டு அந்த வாரமே ஏழு பேர் சேர வந்தார்கள்.

வேறு வழி இல்லாமல் நேரே போய் ஆசானின் வாசலில் மண்டியிட்டு, கையில் தேநீர் இல்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டு, "என்ன வெரட்டி விடுங்க, அவ மூணு வருசம் நின்னது வீணாப் போச்சு, அவ மொகத்தப் பாக்க முடியல" என்று அழுதிருக்கிறார். இது எனக்கு ஆசானின் மனைவி சொல்லித்தான் தெரியும். அந்த அம்மா அப்போது முற்றத்தில் முட்டைக்கோஸ் நறுக்கிக்கொண்டிருந்தவர், கத்தியைக் கீழே வைக்காமலே, "உங்க வாசல்தான அடைச்சிருக்கு, உங்க குரு வாசல் அடைக்கலையே, அவரு பேருல அவளச் சேத்துக்கிட்டாப் போச்சு" என்றாராம். இறந்த குருவின் சார்பில் மூத்த சீடர் ஒருவர் புது ஆளைச் சேர்த்துக்கொள்கிற வழக்கம் உண்டுதான், அபூர்வம். ஆசான் தயங்கினார். "அப்ப அவ எனக்குத் தங்கச்சி ஆயிருவாளே, திட்ட முடியாதே" என்றாராம். "நீங்க திட்டி அவ என்னத்தக் கேட்டா" என்று அந்த அம்மா மறுபடி நறுக்க ஆரம்பித்துவிட்டார்.

போன வாரம் அதே கூடத்தில் நடந்தது. உன் அப்பாவைத் தோப்புப் பக்கம் நிற்க வைத்து, எதையும் தொடக்கூடாது என்று இரண்டு பேரைக் காவல் போட்டார்கள். குருவின் படத்துக்கு முன்னால் மண்டியிட்டதும் கோப்பை சாய்ந்து பாதித் தேநீர் சிந்திவிட்டது. மீதியைத் தோங் ஆசான் வாங்கி, குருவுக்குப் படையலாகத் தரையில் ஊற்றிவிட்டு, "எந்திரிம்மா தங்கச்சி" என்றார். நான் எழ முடியாமல் அங்கேயே உட்கார்ந்து அழுதேன், இந்தத் தடவை வேறு அழுகை. அப்புறம்தான் எல்லோரும் கணக்குப் பார்த்தார்கள். ஆசான் தகப்பன் முறை, ஆசானின் தங்கை அத்தை முறை. உன் அப்பாவைக் கூட்டிவந்து நிறுத்தினார்கள். கைகூப்பி, "அத்தை, ஒங்க மருமகன் கும்பிட்டுக்கிறேன்" என்று சொல்ல வைத்தார்கள். வெய் அதை மூன்று தடவை சொல்ல வைத்தார், கண் தெரியாதவருக்குக் காதாவது குளிரட்டும் என்று விட்டுவிட்டேன்.

நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். பத்து வாரத்தில் கறுப்புப் பட்டை தருகிறேன் என்கிற, சுவரெல்லாம் டிராகன் வரைந்த பள்ளி வேண்டாம். ரொட்டிக் கடைக்குக் கீழே நிலவறையில் நடத்துகிற அந்தக் குண்டு அம்மா, நீ ஏதோ கேட்டதற்கு எனக்குத் தெரியாது, விசாரித்துச் சொல்கிறேன் என்றாளாமே, அவளிடம் சேர். சேருவதற்கு முன் பழைய மாணவர்களின் முட்டியைப் பார். நிற்பது சரியாக வரும்வரை அடுத்ததைக் கேட்காதே. முக்கியமாக, அங்கே மண்டியிட்டு யாருக்கும் எதையும் குடிக்கக் கொடுத்துவிடாதே, நம் குடும்பத்துக்கு ராசியில்லை. உடம்பு உறுதியாக, மனசு லேசாக, நல்ல ஆட்களுக்கு நடுவில் நீ நூறு வயது இருக்க வேண்டும். கம்பளிக் காலுறை போட மறக்காதே.

ஒன்று மட்டும். வாசலை அடைத்தவர் என்பதால் உன் அப்பா தினமும் விடியலில் பயிற்சிக்கு வந்தே தீர வேண்டும். "அத்தை, எந்திரிங்க, நேரமாச்சு" என்று என்னை எழுப்புகிறவரே அவர்தான், பக்கத்து வீட்டில் சிரிக்கிறார்கள். நேற்று குதிரை நிலையில் நின்றுகொண்டு, கால் இரண்டும் கிடுகிடுவென்று ஆட, மெல்ல என் பக்கம் திரும்பி, "அத்தை, எனக்கு நெசமாவே வருதா" என்று கேட்டார். இன்னும் தாழ்ந்து நில் என்று அதட்டிவிட்டு நகர்ந்துவிட்டேன். சரியாகத்தான் நின்றார், யான்ஷு. போனில் பேசும்போது இதை அவரிடம் சொல்லிவிடாதே.

ஆசிகளுடன்,
உன் அம்மா, உன் அப்பாவின் அத்தை,
துவான் யாஃபெங்