தன் திவசத்துக்குச் சாப்பிட வந்த பெரியப்பா

திருவனந்தபுரம்
கன்னி மாசம்

சௌபாக்கியவதி சீதாலக்ஷ்மிக்கு அம்மாவின் ஆசீர்வாதம். பத்மநாபசுவாமி கிருபையால் இங்கே எல்லோரும் சௌக்கியம். செத்துப்போனதாக நாம் நினைத்திருந்தவர்கூடச் சௌக்கியமாக இருக்கிறார். நீயும் மாப்பிள்ளையும் நாகபுரியில் நன்றாக இருக்கிறீர்கள் என்று நம்பத்தான் ஆசை, உன் போன கடிதம் நம்பவிடவில்லை. உன் மாமியார் தன் சவுரிமுடியை எடுத்துத் தரச் சொன்னாளாம், அதைக் கையில் தொட்டதும் நீ வீறிட்டு மயங்கி விழுந்தாயாம், உனக்குப் பேய் பிடித்திருக்கிறதென்று தாயத்துக் கட்டி, பிறந்தகத்துக்கே அனுப்பிவிடலாமா என்று யோசிக்கிறார்களாம். சின்ன வயதில் நம் அரிசி அறையில் ஒரு சிவப்புப் புடவைக்காரி தன் தலைமயிரை மொத்தமாகக் கழற்றிக் கையில் எடுத்ததைப் பார்த்தேனே, அது கனவா, எனக்குத்தான் புத்தி சரியில்லையா என்றும் கேட்டிருந்தாய். உடனே பதில் போடாததற்குக் காரணம், எனக்கே பதில் தெரியாததுதான். அப்போது உன் தம்பியைப் பெற நான் கல்லிடைக்குறிச்சி போயிருந்தேன். திரும்பி வந்தபோது நீ எலும்பும் தோலுமாகக் கிடந்தாய். ஜுரத்தில் எதையோ கண்டு பிதற்றினாள் என்று உன் தாத்தா சொன்னார். அவர் இருந்தவரை, ஒன்று சொல்லிவிட்டால் இந்த வீட்டில் பல்லிகூட மறுத்துக் கத்தாது.

இப்போது பதில் தானாகவே வாசல் ஏறி வந்துவிட்டது. போன வெள்ளிக்கிழமை உன் பெரியப்பாவின் திவசம். அப்பாவின் அண்ணா பிச்சுமணி காசியில் வாந்திபேதியில் போய்விட்டார் என்று தாத்தா சொன்னதிலிருந்து வருஷா வருஷம் செய்கிறோமே, அதேதான். நான் மடியாக அடுப்படியில் வெந்துகொண்டிருந்தேன். பிராமணர்கள் உட்கார்ந்தாயிற்று, வாத்தியார் மூக்கால் மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தார். முற்றம் பெருக்கும் அம்மிணியிடம் வாசலில் யாரோ ஒருவர், இன்று இங்கே என்ன விசேஷம் என்று கேட்டிருக்கிறார். அவள், “காசியில போயி மரிச்ச பிச்சுமணி சாமிக்கு ஸ்ராத்தமாணு” என்று சொல்லியிருக்கிறாள். உடனே வீடே அதிரும்படி ஒரு சிரிப்பு. “எனக்கா? அப்போ எனக்கும் ஒரு எலையைப் போடச் சொல்லு” என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்தார். கிராப்புத் தலை, மழித்த முகம், கண்ணில் பழைய மையின் கறை, அப்பாவின் அதே மூக்கு. அப்பா கையிலிருந்த எள்ளும் ஜலமும் வாத்தியார் மடியில் கொட்டியது.

வாத்தியார் திருதிருவென்று விழித்தார். பித்ரு நேரிலேயே வந்து இலை கேட்டால் என்ன செய்வதென்று எந்த ரிஷியும் எழுதிவைக்கவில்லை போலிருக்கிறது. கடைசியில், “சங்கல்பம் ஆயாச்சு, நடுவிலே நிறுத்தப்படாது” என்று சொல்லிவிட்டு, ஒரு மூச்சில் மீதி மந்திரத்தை முடித்துக்கொண்டு ஓடினார். பெரியப்பா கூடத்தில் தனி இலையில் தன் திவசச் சாப்பாட்டை ரசித்துச் சாப்பிட்டார். பாகற்காயைப் பார்த்ததும்தான் முகம் சுளித்தார். “இத்தனை வருஷமா எனக்கு இதையா போட்டேள்? எனக்குப் பாகற்காய் ஆகவே ஆகாதே!” என்றார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அப்பா மட்டும் தூணோடு தூணாக நின்றார்.

கை அலம்பி வந்தவர் முதலில் கேட்டது உன்னைத்தான். “அந்தக் குழந்தை எங்கே? அரிசி ரூமிலே என்னைப் பார்த்து அலறித்தே?” என்றார். சீதா, பெரியப்பா காசிக்குப் போகவே இல்லை. நாடகக் கம்பெனியில் ஸ்திரீபார்ட், அதுதான் பெண் வேஷம், கட்டப் போயிருக்கிறார். ஒருநாள் கம்பெனி பழவங்காடிப் பக்கம் கொட்டகை போட்டிருந்தபோது, தன் அம்மாவுக்கு, அதாவது உன் பாட்டிக்கு, உடம்பு முடியவில்லை என்று கேள்விப்பட்டு, ஒத்திகையிலிருந்து ராணி வேஷத்தோடேயே ஓடி வந்திருக்கிறார். அன்றைக்கென்று கூடத்தில் உன் அத்தையைப் பெண் பார்க்க வந்தவர்கள். தாத்தா இவரைக் கொல்லைப்புறத்திலேயே மடக்கி, அரிசி அறையில் தள்ளிப் பூட்டிவிட்டார். குதிருக்குப் பின்னால் நீ விளையாடிக்கொண்டிருந்ததை யாரும் பார்க்கவில்லை. நீ மிரண்டு அழுததும், பயப்படாதே, நான் பெரியப்பாதான் என்று காட்டுவதற்காகத் தலையில் வைத்திருந்த டோப்பா முடியைக் கழற்றினாராம். நல்ல புத்திசாலி! நீ வீறிட்டுச் சாய்ந்துவிட்டாய். வந்தவர்கள் போனதும் தாத்தா கதவைத் திறந்து, இன்றோடு நீ செத்தாய் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். சொன்னபடியே அடுத்த மாதம் காசியில் சாகடித்தும்விட்டார். உன் அத்தைக்கு அந்த வரன் அமையவுமில்லை.

நீ அன்றிலிருந்து சவுரியைக் கண்டால் நடுங்குவதையும், நாகபுரியில் படும் பாட்டையும் சொன்னேன். “அவ என்னைப் பேய்னா நெனைச்சிண்டிருக்கா?” என்று கேட்டுவிட்டு அழுதார். மேடையில் எத்தனை ஊர் ஜனங்களை அழவைத்தாரோ தெரியாது, அன்று அழுதது கொஞ்சமும் அழகாக இல்லை, மூக்கு ஒழுக, குரல் உடைந்து, நிஜமான அழுகை. நான் அப்பாவைப் பிடித்துக்கொண்டேன். உமக்கு எல்லாம் தெரியுமா என்று கேட்டேன். தெரியும், தாத்தா தன்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார் என்றார். பெத்த பொண்ணு பைத்தியம்னு பேர் வாங்கறதுக்கும் சேர்த்தா சத்தியம் பண்ணினேள் என்று கேட்டேன். அன்றைக்கு ராத்திரிச் சமையலை அவரையே செய்துகொள்ளச் சொல்லிவிட்டேன். தாத்தா படத்தைக் கூடத்திலிருந்து கழற்றி அரிசி அறையில் மாட்டியாயிற்று.

தாத்தா போய்விட்டதை இப்போதுதான் கேள்விப்பட்டு வந்தாராம் பெரியப்பா; இங்கேதான் இருக்கிறார், இனி எங்கும் போகமாட்டார். நாகபுரிக்கு வந்து உன் மாமியார் எதிரில் வேஷம் கட்டிக் கழற்றிக் காட்டுகிறேன் என்று துடிக்கிறார். நீ வரச்சொல்லாமல் வண்டி ஏறக்கூடாது என்று அடக்கி வைத்திருக்கிறேன். உனக்கு அவரைப் பார்க்க மனசிருந்தால் எழுது, இல்லையென்றால் அதையும் தயங்காமல் எழுது. இந்தக் கடிதத்தை மாப்பிள்ளைக்கும் மாமியாருக்கும் வாசித்துக் காட்டு. தீர்க்கசுமங்கலியாக, வயிறார, மனசார இரு. குளிர் காலம் வருகிறது, எண்ணெய் தேய்த்துக் குளிப்பதை விடாதே. தாயத்தை அவிழ்த்து எறிந்துவிடு.

இதை ஒட்டப் போகும்போது அப்பா வந்து பேனாவைக் கேட்டார். உனக்கு ஒரு வரிகூட எழுதியறியாத மனுஷர், வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். கீழே இருப்பது அவர் கையெழுத்து.

இப்படிக்கு
உன் அம்மா
சுப்புலக்ஷ்மி

சீதா, நீ பார்த்தது நிஜம்.
அப்பா