எழவு வீடுகளுக்குப் போய்வந்த பியோனி

என் பிரியத்துக்குரிய சங்கரபாண்டி மச்சானுக்கு,

ஆற்றில் வெள்ளம் வந்து பாலத்துக்கு மேலே தண்ணீர் ஓடியதே, அதற்கு அடுத்த வருஷம். என் வெள்ளாடு ஒரே ஈற்றில் நாலு குட்டி போட்டது. அம்மன் கோயில் கொடையில் மைக்செட் கருகி வில்லுப்பாட்டு பாதியில் நின்றது. நீர் கனடாவில் மகள் மீனா வீட்டில் இருந்துவிட்டு ஊர் திரும்பினீர். எல்லாம் அந்த வருஷம்தான். எனக்கு எழுத்துத் தெரியாது, ஆனால் ஒரு வருஷம் என்னிடமிருந்து தப்பிப் போனது கிடையாது. நான் சொல்லச் சொல்ல மருமகள் செல்வி எழுதுகிறாள். "மாமா, பையச் சொல்லுங்க, கை வலிக்கி" என்கிறாள். அதையும் எழுது என்று சொல்லிவிட்டேன்.

வெளிநாடு போனவன் மிட்டாய் கொண்டுவருவான், சென்ட் பாட்டில் கொண்டுவருவான். நீர் ஒரு காலுறைக்குள் பனங்கிழங்கு மாதிரி ஒன்றைச் சுருட்டிக்கொண்டு வந்தீர். அவித்துத் தின்பதா என்று கேட்டேன். உமக்கு வந்ததே கோபம்.

"ஹைபிரிட் பியோனி வே இது. ரெண்டு ரகத்தைச் சேத்து உண்டாக்குனது. பூ ஒண்ணு சாப்பாட்டுத் தட்டு அகலம் இருக்கும். மீனா வீட்டு வாசல்ல பனி உருகினதும் பூத்து நிக்கி, பாத்தா பசி மறந்து போவும்."

டீக்கடை பெஞ்சில் நமக்கு நடுவே இருந்த பேச்சிமுத்து டம்ளரைக் கீழே வைத்தார். "பனி உருகினா பூக்குமா? இங்கன மூளைதான் வே உருகும். சீவலப்பேரியில இது பூத்தா நான் மீசைய எடுக்கேன்."

அவருடைய மீசையைச் சாதாரணமாகச் சொல்ல முடியுமா மச்சான்? பால் குடித்தால் அது தனியாகக் குடிக்கும். நீர் அதையே பார்த்துக்கொண்டு, "கத்தியத் தீட்டி வையும்" என்றீர். அப்படித்தான் இந்தக் கூத்து தொடங்கியது.

நான் வாழைக்கன்று நட்ட கை. முழங்கை ஆழம் தோண்டி அதை உள்ளே இறக்கினேன். நீர் தலையில் அடித்துக்கொண்டீர். "ரெண்டு விரக்கடைக்கு மேல மண்ணு போட்டா பூக்காது வே. அதுக்குக் குளிரு படணும். குளிரு குடிச்சாத்தான் மொட்டு வைக்கும்." தோண்டி எடுத்துத் தொட்டியில் மாற்றினோம். அது சரி, நம் ஊரில் குளிருக்கு எங்கே போக? திருச்செந்தூர்ப் பக்கமிருந்து மொபட்டில் மீன் கொண்டுவருகிறவரிடம் மிச்ச ஐஸைக் கேட்டு வாங்கித் தொட்டியைச் சுற்றிப் போட்டேன். குளிர் பட்டதோ இல்லையோ, தெருப் பூனை அத்தனையும் வந்துவிட்டது. விடிந்து பார்த்தால் தொட்டி சாய்ந்து கிடக்கிறது, கிழங்கின் மேல் ஒரு பூனை படுத்திருக்கிறது. நீர் ஒரு வார காலம் என்னோடு பேசவில்லை.

பிறகு நீர் ஆஸ்பத்திரியில் படுத்தீர். வாழைப்பழத்தை உரித்துக் கையில் கொடுத்தேன். அதை வாங்கவில்லை. "செடியப் பாத்துக்கிடும். பேச்சிமுத்து மீசைய விட்றாதேயும்" என்றீர். பெண்டாட்டி பிள்ளையைப் பற்றி ஏதாவது சொல்வீர் என்று எல்லாரும் குனிந்து நின்றார்கள். என்ன மனுஷன் வே நீர்?

மீனா விமானம் பிடித்து வர வேண்டும் என்பதால் உம்மை ஐஸ்பெட்டியில் வைத்தோம். பந்தல் போடுகிற சண்முகம் அண்ணாச்சிதான் அந்தப் பெட்டியையும் வாடகைக்கு விடுகிறார், கண்ணாடி மூடி போட்டது. நீர் உள்ளே கிடந்தீர், நான் பக்கத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன். கண்ணாடியில் கையை வைத்தேன். சில்லென்றிருந்தது.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. தப்பா மச்சான்? நீர் இருந்திருந்தால் உமக்கு என்னை முந்தி வந்திருக்கும். வீட்டுக்கு ஓடிப்போய், இலையெல்லாம் காய்ந்து கிழங்காக உறங்கிக் கிடந்த தொட்டியைத் தூக்கிவந்து, மூடியைத் திறந்து உம்முடைய காலடியில் வைத்தேன்.

கூடியிருந்தவர்கள் பார்த்தார்கள். என்ன ஏது என்று யாரும் கேட்கவில்லை. உம்முடைய பக்கத்து வீட்டு இசக்கியம்மாள் மட்டும் எழுந்துவந்து, "ஓரமா வையிங்க, கால் இடிக்கி" என்று சரிசெய்து, தொட்டிக்கும் திருநீறு பூசினாள். ஏதோ முறை போலிருக்கிறது என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள்.

வந்தது வினை. மார்கழியில் நம் வயசாளிகள் அடுத்தடுத்துப் போவது உமக்குத் தெரியாததா? கீழத்தெருவில் ஒருவர் போனார். அவர் மகன் என் வாசலில் வந்து நின்றான். "பெரியப்பா, சங்கரபாண்டி மாமாவுக்கு வச்ச செடிய எங்க அப்பாவுக்கும் வைக்கணும். இல்லாட்டி ஊருல கொறையாப் பேசுவாவ." நான் வேண்டாம் என்று சொல்வேனா? கிழங்குக்குக் குளிர் வந்த மாதிரியும் ஆச்சு, அவர்களுக்கு மரியாதை ஆன மாதிரியும் ஆச்சு. அடுத்த ஊர்க்காரர்கள் ஆட்டோ அனுப்பினார்கள். அம்பாசமுத்திரத்திலிருந்துகூட ஆள் வந்தது. சண்முகம் அண்ணாச்சி பெட்டி ஏற்றும்போதே, "செடிக்காரரு வாராரா?" என்று கேட்கத் தொடங்கினார். ஒரு வீட்டில் நான் போகப் பிந்திவிட்டது, பிணத்தை எடுக்காமல் வைத்திருந்தார்கள். உம்முடைய செடியைப் போல இந்தப் பக்கத்தில் எழவு வீடு ஏறித் துஷ்டி கேட்டவர் யாரும் கிடையாது.

முதல் வருஷம் இலை வந்து வெயிலில் கருகிப்போனது. பேச்சிமுத்து தினமும் எட்டிப்பார்த்து மீசையை முறுக்கிவிட்டுப் போனார். இரண்டாவது மார்கழியும் நாங்கள் எழவு எழவாகச் சுற்றினோம். இந்த மாசியில், மச்சான், மொட்டு வந்தது. ஒன்றே ஒன்று. நெல்லிக்காய் அளவு. எறும்பு மொய்த்தது. செல்வி எறும்புப் பொடி போடப் போனாள், மொட்டுக்கு எறும்பு வரும், விரட்டக் கூடாது என்று நீர் சொல்லியிருந்தீரே, கையைப் பிடித்துவிட்டேன். பேச்சிமுத்து வந்து குனிந்து பார்த்தார். பிறகு, "மொட்டு வேற, பூ வேற வே" என்றார். குரலில் பழைய தெம்பு இல்லை.

அதற்கு அடுத்த வாரம் தூக்கத்திலேயே போய்விட்டார்.

அவருடைய மூத்த மகன் ஆள் அனுப்பினான், செடியோடு வரச் சொல்லி. பெட்டிக்குள் வைத்தால் மொட்டு கருகிவிடும். உமக்குக் கொடுத்த வாக்கு அதோடு போச்சு. கொண்டுபோகாவிட்டால் ஊரில் கண்டவனுக்கெல்லாம் வைத்துவிட்டு நம் பேச்சிமுத்துக்கு வைக்கவில்லை என்றாகும். நீர் என்ன செய்திருப்பீர்? தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் போனேன். வழியெல்லாம் செடியிடம்தான் கேட்டுக்கொண்டு போனேன்.

பந்தல் வாசலில் இசக்கியம்மாள் வழிமறித்தாள். தொட்டியைப் பார்த்தாள், மொட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"அண்ணாச்சி, உமக்குக் கூறு இருக்கா? மாசமா இருக்கதையா எழவு வீட்டுக்குக் கூட்டிட்டு வருவாவ?"

அத்தனை பெண்களும் ஒப்பாரியை நிறுத்திவிட்டு என்னை வைதார்கள். ஒருத்தி தொட்டியைப் பிடுங்கி எதிர்வீட்டு வேம்படியில் வைத்து முந்தானையால் மறைத்துக்கொண்டாள். பிறகு போய்ப் பார்க்கிறேன், தண்டில் யாரோ ஒரு கண்ணாடி வளையல் மாட்டியிருக்கிறார்கள். மூத்த மகனே வந்து, "பெரியப்பா, நீங்க மட்டும் வாங்க. அப்பா ஒண்ணும் நெனைக்க மாட்டாவ" என்றான்.

உள்ளே போனால், முகம் மழிக்க வந்தவர் கத்தியை எடுத்துவிட்டார். "மீசையில கை வைக்காதேயும். பூ இன்னும் விரியல" என்றேன். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பந்தயம் முடியாமல் எடுத்தால் நமக்கல்லவா கேவலம்? மீசையோடுதான் போனார். உம்மிடம் வந்து முறுக்கிக் காட்டியிருப்பார். அவசரப்பட வேண்டாம் என்று சொல்லும்.

மொட்டு இப்போது நுனியில் சிவந்திருக்கிறது. விரிகிற அன்று காலையில், உம்முடைய சாம்பலைக் கரைத்த படித்துறைக்குக் கொண்டுவந்து இரண்டு பேருக்கும் காட்டுகிறேன். சாப்பாட்டுத் தட்டு அகலம் வராது, டீ சாஸர் அகலம் வந்தால் ஒப்புக்கொள்ளும். அதன் பிறகு மீசையை எடுப்பது உங்கள் இரண்டு பேர் பாடு.

இன்னொரு விஷயம். வருகிற மார்கழியிலும் செடிக்குக் குளிர் வேண்டும். மற்றவர்களிடம் போய்க் கேட்க வேண்டியதில்லை, அந்த டீக்கடை பெஞ்சிலேயே ஓர் ஆள் இருக்கிறது, காலடியில் இடம் விட்டுப் படுக்கும் என்று சண்முகம் அண்ணாச்சியிடம் சொல்லிவைத்தேன். இதை எழுத மாட்டேன் என்று செல்வி பேனாவை வைத்துவிட்டாள். அழுகிறாளா, சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. கெஞ்சி எழுதச் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
அந்தப் பெஞ்சில் மிச்சமிருக்கிற ஒரே ஆள்,
உம்ம தங்கச்சி மாப்பிள்ளை
சுடலைமுத்து (கைநாட்டு)