மெத்தை வைத்த சீட்டு மேசை

மார்ச் 4, ஞாயிறு

இன்று சீட்டாட்டம் தொடங்கியது, முடியவில்லை. வாதம் வந்து என் வீட்டுக்காரருடைய வலது கையும் காலும் விழுந்த பிறகு மூன்று பேரும் முதல் முறையாக எங்கள் வீட்டுக்கு வந்தார்கள்: அவர் ஓட்டிய பஸ்ஸிலேயே காலம் கழித்த கண்டக்டர், மருந்துக்கடைக்காரர், என் தம்பி. ஞாயிற்றுக்கிழமை போக்கர் எப்போதும் கண்டக்டர் வீட்டு மாடியில்தான் நடக்கும். இவரால் இனி மாடி ஏற முடியாது, அதனால் ஆட்டம் இறங்கி வந்தது.

எங்கள் சாப்பாட்டு மேசையில் கண்ணாடி போட்டிருக்கிறது. அதில் ஒட்டிக் கிடக்கும் சீட்டை ஒற்றை இடது கையால் எடுக்க வரவில்லை. நகத்தால் நெம்பிப் பார்த்தார். கடைசியில் விளிம்புவரை இழுத்தார், சீட்டு தரையில் மல்லாந்து விழுந்தது. தம்பி குனிந்து எடுத்து, "நான் பாக்கல மாமா" என்றான். பார்த்துவிட்டான். எல்லாரும்தான் பார்த்தோம். இவர் சக்கர நாற்காலியைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டார். டீ ஆறிப்போனது.

மார்ச் 6, செவ்வாய்

சாப்பாட்டுத் தட்டை அப்படியே தள்ளிவிட்டார்.

மார்ச் 7, புதன்

கோட்டுக்குத் தோள்பட்டை வைக்கும் ஸ்பாஞ்ச் ஒரு துண்டு தையல் மெஷினடியில் கிடந்தது. என்ன தோன்றியதோ, அதன் மேல் ஒரு சீட்டை வைத்து ஓரத்தை ஒரு விரலால் அமுக்கினேன். அந்த ஓரம் அமுங்கியது, எதிர் ஓரம் தானாக எழும்பியது. இடது கையால் எடுத்தேன். மறுபடி வைத்து மறுபடி எடுத்தேன். பைத்தியம் மாதிரி பத்துப் பதினைந்து தடவை.

பெரிய கிளப்புகளில் மெத்தை வைத்த சீட்டு மேசை இருக்கும் என்று கண்டக்டர் சொல்லியிருக்கிறார். பணக்காரத் திமிர் என்று நினைத்திருந்தேன். அதை நானே செய்தால் என்ன? துணி என் தொழில். மரம்தான் தெரியாது. ஆணியை நேராக அடித்ததே இல்லை.

மார்ச் 10, சனி

தச்சுக் கடையில் பிளைவுட் அறுத்து வாங்கினேன். நாலு மூலையும் வெட்டிய சதுரம் ஒன்று. அதைச் சுற்றிக் கை வைத்துக்கொள்ள ஒரு சட்டம். பழைய கட்டிலின் கால்கள் நாலு. "எதுக்கு அக்கா இது? யாரு சாயப்போறா?" என்றார் தச்சர். சீட்டு மேசை என்றேன். ஏற இறங்கப் பார்த்தார். இந்த வயதில் சூதாட்ட விடுதி திறக்கிறேன் என்று நினைத்திருப்பார். காசு வைத்து ஆடுவதில்லை, பிளாஸ்டிக் வில்லைதான் என்று விளக்கப் போய், அதை விட்டுவிட்டேன்.

மார்ச் 13, செவ்வாய்

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. ஸ்பாஞ்சுக்கு மேல் பச்சைத் துணியை மூலையிலிருந்து இழுத்து ஸ்டேப்ளர் பின் அடித்தேன், நடுவில் தொப்பை போட்டது. எல்லாப் பின்னையும் பிடுங்கி, பக்கங்களின் நடுவில் ஆரம்பித்து மூலைக்குப் போனேன், படிந்தது. அப்புறம் சட்டம். பலகைக்குச் சரியாக அறுத்த சட்டத்துக்கு ஸ்பாஞ்சும் ரெக்ஸினும் சுற்றியதும் பலகை உள்ளே நுழையவே மறுக்கிறது. எத்தனை பேருக்கு அளவெடுத்திருக்கிறேன், தளர்ச்சி விடாமல் ஒரு ரவிக்கை தைத்ததுண்டா? மரத்துக்கு எதற்குத் தளர்ச்சி என்று இருந்துவிட்டேன். மறுபடி தச்சர். மறுபடி அவர் சிரிப்பு.

விரலில் இரண்டு இடத்தில் ரத்தம்.

மார்ச் 16, வெள்ளி

முடிந்தது என்று கூடத்தில் போட்டு, அவரைத் தள்ளிக்கொண்டு போனேன். நாற்காலியின் கைப்பிடி மேசைச் சட்டத்தில் இடித்து நின்றது. சாதாரண நாற்காலியில் நான் உட்கார்ந்து அளந்த உயரம் அது. அவரை அளக்கவில்லை. அவர் இன்னும் சாதாரண நாற்காலியில்தான் இருக்கிறார் என்று மனசு எங்கோ நம்பிக்கொண்டிருக்கிறது போல. அடுப்படியில் போய் அழுதுவிட்டு வந்தேன்.

நாலு காலுக்கும் அடியில் கட்டை கொடுத்து உயர்த்தினேன். அவர் குனிந்து பார்த்தார். வாய் கோணிக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "மேசைக்கு... குதிகால் செருப்பு."

அந்த மேசைக்கு இந்தக் கிண்டல் போதும். எனக்கும்.

மார்ச் 18, ஞாயிறு

வந்தார்கள். வாசலிலேயே கண்டக்டரைப் பிடித்து, "அண்ணே, கொஞ்சம் பாத்து ஆடுங்க. முதல் நாள். மத்தவங்களுக்கும் சொல்லிடுங்க" என்றேன். அவர் என் கையைத் தட்டிக் கொடுத்தார்.

இவர் சீட்டை எடுத்தார்! அமுக்கினார், எழும்பியது, எடுத்தார். மருந்துக்கடைக்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். ஆட்டம் முடிந்தபோது வில்லை எல்லாம் இவர் பக்கம்.

மார்ச் 25, ஞாயிறு

இன்றும் ஜெயித்தார். முகத்தில் தெளிவு இல்லை. களைப்பாக இருக்கும்.

ஏப்ரல் 1, ஞாயிறு

எப்படி எழுதுவது?

பாதி ஆட்டத்தில் இவர் வில்லைகளைத் தள்ளினார். கண்டக்டர் சீட்டைக் கவிழ்த்து வைத்து ஒதுங்கிக்கொண்டார். இவர் எட்டி அந்தச் சீட்டுகளைப் புரட்டினார். மூன்று ராஜா. மூன்று ராஜா கையில் இருக்கிறவன் ஒதுங்குவானா? பாவம் கண்டக்டர், பொய் சொல்லத் தெரியாத மனுஷர், நேராக அடுப்படிப் பக்கம் என்னைப் பார்த்தார்.

அவர்கள் போன பிறகு கேட்டார். "நீதானே... சொன்னே?"

தலையாட்டினேன்.

"தோத்தவன்தான் டம்ளர் கழுவணும். எங்க வழக்கம். ஆட்டம் இங்க வந்ததுலேருந்து நான்... ஒரு டம்ளர் கழுவல." மூச்சு வாங்கினார். "நான் செத்தா போயிட்டேன்?"

இல்லைங்க, உங்களுக்காகத்தானே, மறுபடி மனசு விட்டுடக் கூடாதுன்னுதானே — என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே வில்லைகளைப் பொறுக்கினேன். அவர் கேட்டது சரியான கேள்வி. செய்ததெல்லாம் அன்பில்தான் செய்தேன், அதுதான் தாங்க முடியவில்லை.

ஏப்ரல் 3, செவ்வாய்

மாத்திரையைக்கூட என் கையிலிருந்து வாங்கவில்லை, சீட்டு மேசையில் வைக்கச் சொல்லிச் சைகை. வைத்தேன். அமுக்கி எடுத்துக்கொண்டார்.

ஏப்ரல் 6, வெள்ளி

அவரே கண்டக்டருக்குப் போன் போட்டார். ஒவ்வொரு சொல்லாக: "ஞாயித்துக்கிழமை வா. ஆடுறதா இருந்தா வா. பரிதாபப்படறதா இருந்தா... ஆஸ்பத்திரிக்குப் போ, நெறய பேர் கெடக்கறாங்க." எனக்குச் சொன்னது ஒன்றுதான்: "நீ கூடத்துக்கு வராதே."

ஏப்ரல் 8, ஞாயிறு

உள்ளறையில் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். கதவு சாத்தியிருந்தது. சத்தம் மட்டும் வந்தது. தம்பி ஏதோ சொல்லிக் கிண்டல் செய்தான், கண்டக்டர் கெட்ட வார்த்தை சொன்னார், பழைய மாடி வீட்டுச் சத்தம். இவர் சிரித்தார். வாதம் வந்த பிறகு அந்தச் சிரிப்பை நான் கேட்கவில்லை.

எல்லா வில்லையும் போயிற்று போலிருக்கிறது. "மாமா, எந்திரிங்க, டம்ளர்" என்றான் தம்பி. பிறகு சக்கரம் அடுப்படிப் பக்கம் உருளும் சத்தம். குழாய் திறந்தது. நாலு கண்ணாடி டம்ளர், ஒரு கை. எதை எதில் பிடித்துக்கொண்டு தேய்ப்பார்?

ஒன்று உடைந்தது.

எழுந்து கதவைத் திறந்துவிட்டேன். தம்பி வெளியே நின்றுகொண்டிருந்தான், வேண்டாம் அக்கா என்று தலையை ஆட்டினான். நானும் நின்றேன். குழாய் நின்றது. பிறகு மறுபடி தண்ணீர்.

திரும்பி வந்து உட்கார்ந்து, நூல் கோக்காத மெஷினை மிதித்துக்கொண்டிருந்தேன். அவர்கள் கிளம்பும்போது இவரும் வாசல்வரை உருட்டிக்கொண்டு வந்தார், சட்டை முழுக்க ஈரம். "அடுத்த வாரம் உங்க தோலை உரிக்கறேன்" என்றார் அவர்களிடம். என் கையில் துண்டு இருந்தது. அவர் கேட்கவில்லை. நான் நீட்டவில்லை.