சரசுவுக்குச் சொன்ன பதில்

8-11-1962, வியாழன்

மருமகள் சரசு இன்று பிறந்த வீட்டுக்கு அறந்தாங்கி போய்விட்டாள். இது ஒன்பதாம் மாதம். அவள் அப்பா இரண்டு முறை வந்து கூப்பிட்டும் அசையவில்லை. சீன எல்லையில் இருக்கும் என் மகன் முத்தையாவின் கடிதம் இந்த வீட்டுக்குத்தான் வரும், அதைப் பார்த்துவிட்டுப் போகிறேன் என்று இருந்தாள்.

பத்து நாளாகப் பஞ்சாயத்து ரேடியோவில் பெரிய சண்டை எதுவும் சொல்லவில்லை. முடிந்துவிட்டது என்றே ஊரில் பேசுகிறார்கள். காலையில் சரசு என் முன்னால் வந்து நின்றாள்.

"மாமா, நீங்க பர்மா சண்டைக்குப் போனவங்க. இனிமே ஒண்ணும் இருக்காதுல்ல?"

பர்மாவில் எங்களுக்கும் இப்படித்தான் மூன்று வாரம் ஓய்ந்து கிடந்தது. துணி துவைத்தோம், சீட்டாடினோம். எதிரி ஆள் சேர்க்கத்தான் ஓய்ந்திருந்தான் என்பது பிறகுதான் தெரிந்தது. என்னோடு சீட்டாடியவர்களில் ஒருவர்கூடத் திரும்பவில்லை.

"இருக்காது ஆத்தா. நீ நிம்மதியாப் போயிட்டு வா" என்றேன்.

அவள் முகம் தெளிந்தது. பல நாளுக்குப் பிறகு இரண்டாம் முறை சோறு போட்டுச் சாப்பிட்டாள். புதுக்கோட்டையில் அவளையும் அவள் தம்பியையும் பஸ் ஏற்றிவிட்டேன்.

"கடுதாசி வந்தா அன்னைக்கே கொண்டாந்துருங்க மாமா" என்றாள் ஜன்னல் வழியாக. சரி என்றேன்.

பொய் சொல்லி அனுப்பியது உறுத்துகிறது. ஆனால் கெட்ட செய்தி வருவதானால் முதலில் என் கைக்கு வரட்டும். பிள்ளை பிறக்கும்வரை அவள் தூங்க வேண்டும்.

இருக்காது என்று எனக்குச் சொல்லத்தான் வீட்டில் யாருமில்லை.