உத்தரத்தில் தொங்கிய கரடிப் பருத்தி

மனுஷரைவிடச் செடியோடு அதிகம் பேசிய என் அருமை மச்சானே,

நீ போய் இரண்டு பருவம் முடிந்துவிட்டது. பொன்னேரியில் சந்தை வழக்கம்போல் கூடுகிறது, ரயில் வழக்கம்போல் தாமதமாக வருகிறது. உன் மேட்டு நிலத்தில்தான் எதுவும் சரியில்லை. சேதி நல்லதில்லை மச்சான், உட்கார்ந்து கேள்.

சர்க்கார் விதைப் பண்ணைக்குக் கூலி வேலைக்குப் போன இடத்தில் நாம் கற்றுக்கொண்ட வித்தை ஞாபகமிருக்கிறதா? மறுநாள் மலரப்போகும் பருத்தி மொட்டைச் சாயங்காலமே பிரித்து, ஆண் பாகத்தைக் கிள்ளி எறிந்து, சிவப்புக் காகிதம் சுற்றி வைப்பாய். காலையில் இன்னொரு செடியின் பூவைக் கொண்டுவந்து அதன்மேல் தடவுவாய். தாய், பண்ணை கொடுத்த நீள இழைச் செடி. தத்துப்பூச்சி வந்தால் இலை ஓரம் சிவந்து சுருண்டுவிடும். தகப்பன், உன் நைனா காலத்திலிருந்து வேலியோரம் நின்ற முரட்டுச் செடி. இலையெல்லாம் மயிர், அதனால் அதற்கு நீ வைத்த பெயர் கரடி. அதன் கட்டைப் பஞ்சை வியாபாரி தொடமாட்டான். பூச்சியும் தொடாது.

"இன்னா மச்சான், இத்தப் போயி மாப்பிள்ளையாக்குறியே, பொண்ணுக்கு ஏத்த மூஞ்சியா இது?" என்றேன்.

"மூஞ்சியப் பாத்தா மாப்ள உனக்குப் பொண்ணு குடுத்தோம்?" என்றாய். உன் தங்கச்சி அன்றைக்கெல்லாம் சிரித்தாள்.

காமாலை உன்னைப் படுக்கப் போட்டபோது கலப்பு விதை ஒரு சொம்பு சேர்ந்திருந்தது. வேலிச் செடிகள் கிழடாகிவிட்டன, புதிதாகப் போடலாம் என்று நீயே பிடுங்கிவிட்டிருந்தாய். கரடியின் பஞ்சு, விதையோடு, ஒரு துணி மூட்டையில் உத்தரத்தில் தொங்கியது. "மாப்ள, கரடிய வுட்றாத" என்றாய். காய்ச்சலில் பிதற்றுகிறாய் என்று நினைத்தேன், பாவி.

நீ போன அன்று தலைமாட்டு விளக்குக்குத் திரி வேண்டுமென்று உன் பெண்சாதி மங்கம்மா பஞ்சு கேட்டாள். விற்பதற்கு வைத்த நல்ல பஞ்சு வீட்டில் இருந்தது. நல்லதைப் போய் எரிப்பானேன் என்று நான்தான், என் கையால்தான், உத்தரத்து மூட்டையை அவிழ்த்துக் கொடுத்தேன். எந்தப் பஞ்சு என்று பார்க்கிற நிலையில் அவள் இல்லை. அழுதுகொண்டே கொட்டையை நீக்கித் திரி திரித்தாள். கருமாதி வரைக்கும் விளக்கு அணையவில்லை. கொட்டையை ஊறவைத்து ஆட்டி, கன்று போட்ட பசுவுக்கு வைத்தோம். ஒரு விதை மிச்சமில்லை.

கலப்பு விதையை அடுத்த பருவத்தில் போட்டேன். அடேயப்பா! தாயையும் தகப்பனையும் மிஞ்சி என் மார்பு உயரம் நின்றது. பூச்சி அண்டவில்லை. மங்கம்மா ஒவ்வொரு செடியாகத் தடவிக்கொண்டே போனாள். "இனிமே இந்த மேட்ட விக்க வேணாண்ணே, இது போதும்" என்றாள்.

அந்தச் செடியின் விதையையே எடுத்து இந்த வருஷம் மேடு முழுக்கப் போட்டேன். ஒன்று நெட்டை, ஒன்று குட்டை, ஒன்றில் நீளப் பஞ்சு, ஒன்றில் பேருக்குக்கூடப் பஞ்சில்லை. பாதிக்குமேல் பூச்சியில் சிவந்து கருகிவிட்டது.

பண்ணை அதிகாரியைக் கூட்டிவந்து காட்டினேன். "ஹைபிரிட் விதைய மறுபடி போட்டா இப்படித்தான் பிரிஞ்சு போகும். வருஷாவருஷம் தாயையும் தகப்பனையும் புதுசா சேக்கணும். ஆண் செடி எங்கய்யா?" என்றார்.

"இதுலேந்து திரும்ப எடுக்க முடியாதுங்களா?"

"மயிருள்ள செடி கெடைக்கும். பழைய செடி கெடைக்காது. அதான் ரெண்டும் கலந்துபோச்சே."

ஆரணியிலிருந்து பழவேற்காடு வரை வேலி வேலியாகத் தேடினேன். நெல், இல்லாவிட்டால் எல்லோரும் போடுகிற அதே பண்ணை ரகம். கும்மிடிப்பூண்டியில் உன் சித்தி வீட்டு வேலியில் இரண்டு செடி நின்றதே என்று அங்கேயும் ஓடினேன். வேலியைப் பிடுங்கிவிட்டுக் கம்பெனிக்குக் கல் நட்டிருக்கிறார்கள்.

"அவரு கட்டி வச்ச மூட்ட எங்கண்ணே? அதுல வெத இருக்குமே" என்று மங்கம்மா கேட்டாள்.

"எலி இழுத்துக்கினு போச்சும்மா" என்றேன்.

"அந்த எலி நாசமாப் போக" என்று மண்ணை வாரித் தூற்றினாள். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். வேறென்ன செய்ய? மேட்டை விற்கப்போகிறாள். நான் தடுக்கவில்லை, தடுக்க என்ன முகம் இருக்கிறது எனக்கு? போகிற ஆளுக்கு வழி தெரியத்தான் தலைமாட்டில் விளக்கு என்பார்கள். உன் கரடியை எரித்த வெளிச்சத்தில் உனக்கு வழி தெரிந்ததா மச்சான்?

அவளுக்கு எழுத்துத் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன். படிக்கிறவர்கள் யாரும் அவள் காதில் போட்டுவிடாதீர்கள்.

நீ கேட்ட ஒன்றைக் காப்பாற்றவில்லை. நீ கேட்காத ஒன்றைக் காப்பாற்றுகிறேன். அவள் எத்தனை முறை கேட்டாலும் எலிதான் என்பேன். அன்றைக்குத் தன் விரலால் திரித்தது எதுவென்று, நான் சாகிறவரை அவளுக்குத் தெரியவிடமாட்டேன்.

கரடியை விட்டுவிட்ட,
உன் தங்கச்சி புருஷன்
ஏழுமலை